நடுவில் பூ இல்லாத விரிப்பு: சீனக் கம்பளமும் பவானி ஜமுக்காளமும்

யாராவது பெரிய மனிதர் வந்தால் "ரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்றார்கள்" என்று பத்திரிகைகளில் எழுதுவது வழக்கம். ஆனால் திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ரத்தினக் கம்பளத்தை நேரில் பார்த்தவர்கள் குறைவு. இங்கே கல்யாணம் என்றாலும் துக்கம் என்றாலும், கோயில் பொங்கல் என்றாலும் ஊர்க்கூட்டம் என்றாலும் விரிக்கப்படுவது ஜமுக்காளம்தான். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாக இருக்கும். அதில் உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். விசேஷம் முடிந்ததும் உதறிச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். நின்று அதன் அழகைப் பார்ப்பவர் யாரும் இல்லை.

இன்னொரு பக்கம், சீனாவில் 200, 300 வருடங்களுக்கு முன் நெய்த விரிப்புகள் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஏலத்தில் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அவற்றின் ஒவ்வொரு பூவுக்கும் என்ன அர்த்தம் என்று தடித்தடியாகப் புத்தகங்கள் வந்திருக்கின்றன.

இரண்டுமே தரையில் விரித்து மனிதர்கள் உட்காருவதற்காக நெய்யப்பட்டவைதான். அப்படியிருக்க ஒன்று கலைப்பொருள் ஆனது, மற்றொன்று ஏன் ஆகவில்லை? இரண்டின் வடிவமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். வெறும் பட்டைகள்தானே என்று நினைக்கிற ஜமுக்காளத்துக்குள் ஒரு வரலாறு இருப்பதும் தெரியும்.

வௌவாலும் சிலேடையும்

முதலில் சீன விரிப்பைப் பார்ப்போம். இது முடிச்சு போட்டு நெய்வது. பாவு நூல் பெரும்பாலும் பருத்தி. அந்தப் பாவு நூல்களில் கம்பளி நூலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக முடிச்சிட்டு, ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூல் ஓட்டி இறுக்குவார்கள். முடிச்சின் நுனிகள் மேலே நிற்கும். அதனால்தான் கம்பளத்தைத் தொட்டால் புல் மாதிரி மெத்தென்று இருக்கிறது. பாரசீகக் கம்பளத்தில் முடிச்சுகள் மிக நெருக்கம். சீன விரிப்பில் முடிச்சுகள் குறைவு, நூல் தடிமன். எனவே நுணுக்கமான கொடிகளை நெய்வது கஷ்டம். சீன நெசவாளர்கள் இந்தக் குறையையே தங்கள் பாணியாக மாற்றிக்கொண்டார்கள். விரிப்பு முழுவதையும் நிரப்பாமல் பெரிய இடத்தை வெறுமனே விட்டு, நாலைந்து உருவங்களை மட்டும் வைத்தார்கள். உருவத்தின் ஓரமாகக் கத்தரிக்கோலால் கம்பளியைச் சரிவாக வெட்டிவிடுவார்கள். பூ தனியாக மேலெழும்பி நிற்பது போல் தெரியும்.

இந்த நெசவுக்குப் பெயர் போன இடம் சீனாவின் வடமேற்கில், மஞ்சள் ஆற்றங்கரையில் உள்ள நிங்சியா. பாலைவன ஓரம். ஆடு வளர்க்கிற பூமி, குளிர் கடுமை. 1697-ல் காங்ஷி பேரரசர் படையெடுப்பின்போது நிங்சியா வந்திருந்தார். அவருடன் வந்த பிரெஞ்சு ஏசு சபைத் துறவி ஜெர்பியோன், அங்கே நெய்யப்பட்ட கம்பளங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். வட சீன வீடுகளில் செங்கல்லால் கட்டிய மேடை ஒன்று இருக்கும். அதற்கு 'காங்' என்று பெயர். அடியில் அடுப்புப் புகை ஓடி மேடை சூடாகும். குளிர்காலத்தில் குடும்பமே அதன் மேல்தான் உட்காரும், படுக்கும். அதற்கென்றே அளவெடுத்து நெய்த விரிப்புகள் உண்டு. குதிரைச் சேணத்துக்கு, நாற்காலி முதுகுக்கு, புத்த மடத்துத் தூணுக்கு என்று தனித்தனி விரிப்புகளும் உண்டு.

இந்த விரிப்புகளில் இருக்கும் உருவங்கள் பலவும் சிலேடைகள். நம்ம ஊரில் வீட்டுக்குள் வௌவால் நுழைந்தால் ஆகாது என்பார்கள். சீனர்களுக்கோ வௌவால் அதிர்ஷ்டம். காரணம் மொழிதான். வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் சீன மொழியில் 'ஃபூ' என்ற ஒரே ஒலி. ஐந்து வௌவால்கள் வட்டமாகப் பறந்தால் நீண்ட ஆயுள், செல்வம் முதலான ஐந்து பேறுகள். மீனுக்கும் மிகுதிக்கும் 'யூ'. மானுக்கும் உத்தியோகச் சம்பளத்துக்கும் 'லூ'. குடுவைக்கும் அமைதிக்கும் 'பிங்'. கொக்கு என்றால் நீண்ட ஆயுள், பியோனி மலர் என்றால் செல்வம். தாமரைக்கு நமக்குத் தெரிந்த அதே அர்த்தம்தான், சேற்றில் பிறந்தும் தூய்மை. அது புத்த மதத்தோடு இந்தியாவிலிருந்து போனது. ஆகவே ஒரு சீன விரிப்பைப் பரிசாகக் கொடுப்பது வாழ்த்து மடல் கொடுப்பதற்குச் சமம். தெரிந்தவர் அதை எழுத்து மாதிரி வாசித்துவிடுவார்.

நிறமும் இதன் கவர்ச்சிக்கு ஒரு காரணம். அவுரி போன்ற செடிகளில் எடுத்த நீலம், வெளிர் மஞ்சள், தந்த வெள்ளை. நெய்தபோது சிவப்பாக இருந்தவற்றில் பல, காலம் போகப் போக வெளுத்து வாதுமைப் பழ நிறத்துக்கு வந்துவிட்டன. இன்று சேகரிப்பவர்கள் மயங்குகிற அந்த மென்மையான நிறம் நெசவாளர் நினைத்துச் செய்ததல்ல, நூறு இருநூறு வருட வெயிலும் காற்றும் செய்தது.

யார் எங்கே உட்கார வேண்டும்?

அர்த்தங்களை விட்டுவிட்டு, விரிப்பின் அமைப்பை மட்டும் கவனித்தால் இன்னொரு விஷயம் தெரியும். பல சீன விரிப்புகளின் நடுவில் ஒரு பெரிய வட்டப் பூ அல்லது டிராகன் இருக்கும். மூலைகளில் சின்னப் பூக்கள், சுற்றிலும் கரை. இதை விரித்தவுடனே அறைக்கு ஒரு நடு வந்துவிடுகிறது. நடுவுக்கு நேரே உட்காருபவர் முக்கியமானவர். ஓரத்தில் இருப்பவர் ஓரத்தில் இருப்பவர்தான்.

புத்த மடத்துத் தூண்களில் சுற்றுவதற்கென்று நெய்த விரிப்பு இதைவிட ஆச்சரியம். அதைத் தரையில் விரித்தால் டிராகனின் உடல் துண்டு துண்டாகத் தெரியும். தூணில் சுற்றி இரண்டு ஓரங்களையும் சேர்த்தால்தான் டிராகன் முழுதாகும். அதாவது, இந்த விரிப்பு எந்த இடத்துக்கு என்பது நெய்யும்போதே முடிவாகிவிட்டது.

துறவிகள் வரிசையாக உட்கார நீளமான விரிப்புகளும் இருந்தன. அதில் ஒரே மாதிரிக் கட்டங்கள் அடுத்தடுத்து வரும். ஒரு கட்டம் ஒரு துறவிக்கு. எல்லாக் கட்டமும் ஒரே அளவு, ஒரே பூ. ஆனால் ஒருவர் இடத்தில் இன்னொருவர் நெருக்கி உட்கார முடியாது. யாருக்கு எவ்வளவு இடம் என்பதையும் நெசவே சொல்லிவிடுகிறது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த விரிப்புகள் அமெரிக்கச் சந்தைக்குப் போயின. முதல் உலகப் போரால் துருக்கி, பாரசீகக் கம்பளங்களின் வரத்து தடைபட்டது. அந்த இடத்தைத் தியான்ஜின், பீக்கிங் நகரங்களின் பட்டறைகள் பிடித்தன. 1920-களில் தியான்ஜினில் வால்ட்டர் நிக்கல்ஸ் என்ற அமெரிக்கர் நடத்திய பட்டறையின் கம்பளங்கள் ஊதா, பச்சை போன்ற அடர்த்தியான நிறங்களில், கரைக் கட்டுப்பாடு இல்லாமல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பூங்கொத்து சாய்கிற மாதிரி வந்தன. இன்றைக்கு அவையும் பழம்பொருள் கடைகளில் தேடப்படுகின்றன. ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார்? பீக்கிங் பட்டறைகளில் வேலை செய்தவர்களில் ஏராளமானோர் சிறுவர்கள். தொழில் பழகுகிறவர்கள் என்ற பெயரில், சாப்பாடும் படுக்க இடமும் மட்டும் கொடுத்து வருடக்கணக்கில் வேலை வாங்கினார்கள். 1924-லேயே இதைப் பற்றி ஓர் ஆய்வு நூல் வெளிவந்தது. கம்பளத்தின் விலையைப் பேசுகிறவர்கள் இந்தச் சிறுவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஜமுக்காளம் பிறந்த கதை

தமிழ்நாட்டில் முடிச்சுக் கம்பளமே இல்லாமல் இல்லை. பழைய சென்னை மாகாணத்தில் ஏலூரு, மசூலிப்பட்டினம், வாலாஜாபேட்டை, ஐயம்பேட்டை ஆகிய ஊர்களில் நெய்திருக்கிறார்கள். தென்னிந்தியக் கம்பள நெசவைப் பற்றி ஹென்றி ஹாரிஸ் எழுதிய நூலை 1908-ல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. ஆனால் இவை சாதாரண ஜனங்களின் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் கரிசல் காட்டு வெயிலில் கம்பளி மேல் யார் உட்காருவார்கள்? துவைக்கவும் முடியாது, பூச்சியும் அரிக்கும். இந்த மண்ணுக்கு வேண்டியது துவைத்து வெயிலில் போட்டால் காய்கிற பருத்தி விரிப்பு.

அந்த விரிப்புக்குப் பெயர் போன ஊர் பவானி. ஈரோடு மாவட்டத்தில், காவிரியும் பவானி ஆறும் கூடுகிற இடம். சங்கமேஸ்வரர் கோயில் உள்ள கூடுதுறை என்றால் பலருக்கும் தெரியும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணிகள் வந்து குவிந்தபோது, சேலையும் வேட்டியும் நெய்து பிழைத்த கைத்தறிக்காரர்களின் பாடு திண்டாட்டமானது. அந்த நெருக்கடியில் பவானியில் ஜங்கமர் என்ற சமூகத்தைச் சேர்ந்த நெசவாளர்கள் தடித்த சாய நூலில் விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. அது நன்றாக விற்கவே, பவானித் தறிகளில் சேலை குறைந்து ஜமுக்காளம் பெருகியது. கன்னடத்திலும் இதற்கு ஜமகானா என்ற பெயர் உண்டு. கர்நாடகத்தின் நவல்குந்து ஜமகானாவும் பேர்பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெல்லிய நூலில் ஆலையோடு போட்டியிட முடியாதவர்கள் தடித்த நூலுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டார்கள். சீனாவில் முடிச்சு குறைவாக இருந்ததே ஒரு பாணியானது போல, இங்கே நூலின் தடிமனே புதிய பொருளுக்கு வழிவிட்டது. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நெருக்கடி என்ன என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டை ஏன் பட்டையாக இருக்கிறது?

ஜமுக்காளம் குழித்தறியில் நெய்யப்படுகிறது. நெசவாளர் குழிக்குள் கால்களை விட்டு மிதித்துக்கொண்டு, நாடாவைக் கையால் தள்ளி நெய்வார். அகலமான ஜமுக்காளம் என்றால் ஒருவர் கை எட்டாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளுகிற நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவார். இரண்டு பேரின் வேகமும் ஒத்துப்போக வேண்டும்.

ஊடை நூல் தடிமனாக இருப்பதால், அடித்து நெருக்கும்போது அது பாவு நூலை முழுக்க மூடிவிடும். அதனால் மேலே தெரிவது ஊடையின் நிறம் மட்டுமே. சிவப்பு நூல் ஓட்டினால் சிவப்புப் பட்டை, நாடாவை மாற்றிப் பச்சை ஓட்டினால் பச்சைப் பட்டை. நினைத்த இடத்தில் பூப் போட வேண்டுமென்றால் வரிக்கு வரி நூலை நிறுத்தி மாற்ற வேண்டும், விலை எங்கேயோ போய்விடும். எனவே பட்டைதான் இந்தத் தறிக்கு இயல்பான வடிவம். பிறகு செயற்கைப் பட்டு நூல் புழக்கத்துக்கு வந்ததும் கரையில் வேலைப்பாடு வைத்த இன்னொரு வகை ஜமுக்காளமும் பவானியில் வந்தது. என்றாலும் ஜமுக்காளம் என்றதும் கண்ணுக்குள் வருவது பழைய பட்டைதான்.

இந்தப் பட்டைகளால் சில வசதிகள் உண்டு. முதலாவது, ஜமுக்காளத்துக்கு நடு என்று ஒன்று கிடையாது. தலைமாடு, கால்மாடும் கிடையாது. இரண்டாவது, எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் நெய்யலாம், வடிவம் கெடாது. மூன்றாவது, இரண்டு மூன்றைச் சேர்த்து விரித்தால் ஒரே விரிப்பு மாதிரித் தெரியும். நான்காவது, முன்பக்கம் பின்பக்கம் என்ற வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

சீன விரிப்பை ஓர் அறைக்காக, ஒரு மேடைக்காக, ஒரு தூணுக்காக நெய்தார்கள். ஜமுக்காளத்தைக் கூட்டத்துக்காக நெய்தார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாத ஒரு கூட்டம் அது. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகிற குடும்பம் ஆற்று மணலில் ஜமுக்காளத்தை விரித்தால், நாலு பேருக்கு என்று விரித்ததில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றால் போதும், இடம் வந்துவிடும். துறவிகளின் விரிப்பில் இருந்த கட்டம் இதில் இல்லை. நடுவில் பூ இல்லை என்பதால் பூவின் மேல் உட்காருபவர் என்றும் ஒருவர் இல்லை. ஜமுக்காளத்தின் அழகு இதுதான் எனலாம்.

மறைக்கக் கூடாத பக்கம்

ஆனால் ஜமுக்காளத்தில் எல்லாரும் சமமாக உட்கார்ந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊர்க்கூட்டம் நடக்கும்போது சிலர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பேசியதும், சிலர் எட்ட நின்று கைகட்டிக் கேட்டதும் நடந்த வரலாறு. பந்தியில் ஒருவருக்கு விரிப்பும் இன்னொருவருக்கு வெறுந்தரையும் கிடைத்தது. சீன விரிப்பில் மேல் கீழ் என்பது நெசவிலேயே இருந்தது. இங்கே நெசவில் இல்லாததை மனிதர்கள் தங்கள் மனசிலிருந்து கொண்டுவந்து விரிப்பின் ஓரத்தில் கோடு போட்டார்கள்.

இதற்காக ஜமுக்காளத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்" என்று ஏக்கத்தோடு சொல்லப்படும் கதைகளைக் கேட்கும்போது, அந்த 'எல்லாரும்' யார் யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் நாற்காலி வந்தபோது சிலருக்கு அது வெறும் வசதி. முன்பு எட்ட நின்றவர்களின் பிள்ளைகளுக்கு அது அதற்கும் மேல்.

பழைய ஜமுக்காளம் எங்கே போயிற்று?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். சீன விரிப்பு ஏன் பழம்பொருள் ஆனது? அது அரண்மனையிலும் மடத்திலும் பணக்காரர் வீட்டிலும் இருந்தது. குளிர்ந்த, வறண்ட ஊரில் கம்பளி நீண்ட நாள் தாங்கியது. அதைவிட முக்கியம், அதன் உருவங்களை வாசித்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கதை உள்ள பொருளை எறிய யாருக்கும் மனம் வராது.

ஜமுக்காளத்தின் வாழ்க்கை வேறு. புதுசாக இருக்கும்போது கல்யாண வீட்டில். கொஞ்சம் நைந்ததும் தினசரிப் படுக்கை. அப்புறம் மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் விரிப்பு, களத்தில் தானியம் காயப்போட. கிழிந்தபின் கால்மிதி, கடைசியில் கரித்துணி. முழுக்கப் பயன்பட்டுத் தீர்ந்துபோகிற பொருளுக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைப்பதில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் மிஞ்சியிருப்பதை வைத்தே எழுதுகிறார்கள். மிஞ்சாமல் உழைத்துத் தீர்ந்த பொருட்களுக்கும், அவற்றை நெய்தவர்களுக்கும் வரலாற்றில் இடம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது ஜமுக்காளத்தை நெய்கிறவர்களும் குறைந்து வருகிறார்கள். அரசு சில பாதுகாப்புகளைக் கொடுத்திருக்கிறது. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கும் சட்டம் 1985-ல் வந்தது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்து, 1993-ல் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒதுக்கப்பட்ட வகைகளில் ஜமுக்காளமும் ஒன்று. 2005-06-ல் பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் நெய்ததைப் பவானி ஜமுக்காளம் என்று சொல்லி விற்கக் கூடாது என்பது அதன் பொருள். இவ்வளவு இருந்தும், வெளி மாநில விசைத்தறிகளில் ஓட்டிய விரிப்புகள் பவானி என்ற பெயரிலேயே மலிவாக விற்கப்படுகின்றன என்பது பவானி நெசவாளர்களின் நீண்ட நாள் புகார். கூலி கட்டுப்படியாகாததால் அடுத்த தலைமுறை தறிக்குழியில் இறங்கத் தயங்குகிறது. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் பாயும் நாற்காலியும் வந்துவிட்டன. மண்டபத்தில் விரிப்புக்கு வேலையே இல்லை.

சட்டம் பெயரைக் காப்பாற்றும். வாங்குகிற ஆள் இருந்தால்தான் தறி ஓடும். வாங்குகிறவருக்கு அந்தப் பட்டைகள் எப்படி வந்தன என்று தெரிந்திருந்தால், விசைத்தறி விரிப்புக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசம் புரியும். இரண்டு பேர் சேர்ந்து நாடா தள்ளி நெய்த உழைப்பு அது.

வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ ஒரு பழைய ஜமுக்காளம் இருந்தால், அதை வெளியே எடுத்து விரித்துப் பார்க்கலாம். எத்தனை பட்டை, என்னென்ன நிறம், எத்தனை முழம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளலாம். கல்யாண வீடுகளுக்கு இரவல் போகும்போது மாறிவிடக் கூடாது என்று மூலையில் மையால் பெயர் எழுதி வைப்பதும் உண்டு. அப்படி ஒரு பெயர் இருந்தால் அது யார் பெயர், எந்த வருடம், எந்த விசேஷத்துக்கு வாங்கியது என்று வீட்டுப் பாட்டியிடம் கேட்கலாம். அந்த ஜமுக்காளத்தில் யாரெல்லாம் உட்கார்ந்தார்கள், யாரெல்லாம் உட்காரவில்லை என்றும் கேட்கலாம். சீனாவின் வௌவாலுக்கு அர்த்தம் சொல்லப் புத்தகங்கள் இருக்கின்றன. இந்தப் பட்டைகளின் கதையைச் சொல்லப் பாட்டிகள் மட்டுமே இருக்கிறார்கள், சீக்கிரம் கேட்டுவிட வேண்டும்.